பழைய பாட்டை மறுபடி பாடப்போகும் எங்க ஊர் அண்ணன்களுக்கு

வணக்கம் அண்ணே.

ஒட்டுக்கடையில் பசியாறும்போது சேதி காதில் விழுந்தது. அந்தப் பழைய கேசட்டின் பாட்டுகளைப் புதுசாகப் பதிவு செய்யப் போகிறீர்களாம், அதுவும் அச்சு அசலாக அன்றைக்கு இருந்த மாதிரியே.

ஏன் என்று புரிகிறது. மாஸ்டர் டேப், அதாவது முதல் ஒலிப்பதிவு, கேசட் போட்டவரிடம் மாட்டிக்கொண்டது, கேட்டால் பதில் இல்லை. பாட்டுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. பதிவு கைவிட்டுப் போனாலும் பாட்டு உங்களுடையது, திரும்பப் பாடினால் அந்தப் புதுப் பதிவும் உங்களுடையது. (இத்தனை வருடம் மறுபடி பாடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம். காலம் முடிந்திருக்கும், இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

டெஃப் லெப்பர்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவும் இதைத்தான் செய்தது. டிஜிட்டல் விற்பனைப் பணத்தில் பாட்டை வெளியிட்ட கம்பெனியோடு தகராறு வர, 80களில் வந்த ஹிட் பாட்டுகளில் இரண்டை 2012இல் அப்படியே நகலெடுத்துப் பாடினார்கள், அவர்களே அதைப் ‘போலி’ என்றும் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கு நகல் தேவைப்பட்டது அண்ணே. படத்துக்கோ விளம்பரத்துக்கோ பாட்டு கேட்டு வருகிறவன் பழையதை விட்டுவிட்டு இதை வாங்கவேண்டும் என்றால் இரண்டும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். நம்ம பாட்டை வாங்க மலேசியாவில் ஒரு மூலையில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு யார் கார் எடுத்து வரப்போகிறார்கள்?

அப்புறம் எதற்கு நகல்? இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு முன்னால் ஒரு இருமல் வரும், ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற விடிகாலை இருட்டில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே போகும் எங்க அப்பா அந்த இடம் வந்ததும் சரியாக இருமுவார், நாங்கள் வெகுநாள் அதுவும் பாட்டில் ஒரு வரி என்றே நினைத்திருந்தோம். அதை ஸ்டூடியோவில் நின்று மறுபடி இருமுவீர்களா? இருபத்துமூன்று வயதில் எட்டின சுருதியை இப்போது எட்டிப் பிடிக்கப் போனால் கேட்கிற எங்களுக்குத்தான் தொண்டை வலிக்கும். ஒரு கட்டை இறக்கிப் பாடுங்கள், போன தீமிதித் திருவிழாவில் பாடினீர்களே, அந்தக் குரலில்.

இன்னொன்று. டோலக் அடித்த அண்ணன் இப்போது இல்லை. அவர் இடத்தில் மெஷின் தாளம் போட வேண்டாம். அவர் மகன் உறுமி மேளக் குழுவில் அடிக்கிறான், அப்பா பாட்டு அத்தனையும் அவனுக்குத் தெரியும். நம்பர் என்னிடம் இருக்கிறது.