வண்டி ஏறிவிட்டது, எல்லோருக்கும் நன்றி

தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கிற பல்லைப் பிடித்து ஏறும் நம் ஊட்டி மலை ரயில் மாதிரி நான் கட்டிய சின்ன மாடல் வண்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சரிவில் ஏறிவிட்டது. மூன்றடிப் பலகை, மூன்று அங்குல ஏற்றம், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிற அதே 12-க்கு 1 சரிவு. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, "இன்னொரு தடவை விடு" என்றார், அவ்வளவுதான். மோட்டார் எரிந்து புகை வந்த அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும், அதைக் கிளற வேண்டாம்.

கோவையிலிருந்து மோட்டார்களை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய நண்பன், லேத்தில் அச்சு கடைந்து தந்த மச்சான், வரைபடத்தை நகல் எடுத்துத் தந்த அப்பாவின் ரயில் ஷெட் சகாக்கள், நடுராத்திரி அரம் போடும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் ஒரு பெரிய கும்பிடு.

தனியாகச் சொல்ல வேண்டியது தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் பாயைப் பற்றி. குன்னூரில் அவர் கடைக்கு நான் போனது, எரிந்த மோட்டாரிலிருந்து வார்ம் கியரை (திருகு மாதிரி இருக்கும் கியர், மோட்டார்தான் அதைச் சுற்ற முடியும், சக்கரம் திருப்பிச் சுற்ற முடியாது) கழற்ற ஒரு சின்ன புல்லர், அதாவது கியரை இழுத்து எடுக்கும் கருவி, இரவல் வாங்கத்தான். நல்ல மழை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். புல்லரைக் கொடுத்து அவரே கழற்றியும் விட்டு, வண்டியை விடாமல் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையில் இருந்த பல் தண்டவாளத் துண்டை வாங்கி, அதன் மேல் வைத்துத் தள்ளினார். நாலு விரற்கடை போய் இறுகி நின்றது. பல் படாமல் மேஜையில் வைத்துத் தள்ளினார், வழுக்கிக்கொண்டு ஓடியது.

"கீழ இருக்கற பல்லும் இந்தச் சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தணுமா தம்பி? ரெண்டும் சண்டை போடுதே."

வீட்டுக்கு வந்து அளந்தேன். சக்கரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், பல் தண்டவாளத்தைப் பிடிக்கும் பினியன் என்கிற பல் சக்கரத்துக்கு 24. ஒரே மோட்டாரில் இரண்டும் சேர்ந்து சுற்றும்போது, ஒரு சுற்றுக்குச் சக்கரம் பல்லை விட 3 மில்லிமீட்டர் அதிகம் ஓடப் பார்க்கும், அந்த இழுபறி, போதாததற்குப் பிடிமானத்துக்கென்று சக்கரத்தில் ரப்பர் வேறு மாட்டியிருந்தேன், மோட்டார் எரியாமல் என்ன செய்யும்? நம் ஊட்டி ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இஞ்சினில் நாலு சிலிண்டர், இரண்டு சக்கரத்துக்கு, இரண்டு பல்லுக்கு என்று வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒப்பிக்கிறவன் நான். அந்த இஞ்சினைக் கட்டிய சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர்க்காரர்கள் பிரித்து வைத்ததை, இடம் போதவில்லை என்று ஒரே மோட்டாரில் சேர்த்துக் கட்டியவனும் நானே.

இப்போது இரண்டு மோட்டார். பல்லுக்கு வார்ம் கியர், கரண்ட் போனாலும் சரிவில் அப்படியே நிற்கும். சமதளத்தில் பல் அந்தரத்தில் இருப்பதால் அது தடையும் இல்லை. சக்கரத்துக்குச் சாதாரண கியர், கையால் தள்ளினால் உருள வேண்டும். ரப்பரைக் கழற்றி எறிந்தாயிற்று. இனி எதைக் கட்டினாலும் மோட்டார் மாட்டுவதற்கு முன் கையால் தள்ளிப் பார்ப்பேன், இது சத்தியம்.

பாய் காசு வாங்கவில்லை. "ஓடினா ஒரு நாள் கொண்டு வந்து காட்டுங்க" என்றார். சனிக்கிழமை பலகையையும் தூக்கிக்கொண்டு அருவங்காட்டிலிருந்து பஸ் ஏறுகிறேன். பார்க்க வருகிறவர்கள் வரலாம், கடை மட்டும் ரொம்பச் சின்னது.