நான் உச்சிக்குப் போகவில்லை

வேலூர்,
ஐப்பசி 14

அன்புள்ள பாப்பா,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ கூப்பிட்டு, "அம்மா, உச்சிவரைக்கும் ஏறிட்டியா!" என்று கேட்டாய். ஸ்பீக்கரில் மாப்பிள்ளை கைதட்டினார். குட்டி "பாட்டி, பாட்டி" என்று கத்திக்கொண்டு குதித்தது. நானும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். நாங்கள் பள்ளித் தோழிகள் ஏலகிரி மலைக்குப் போனபோது எடுத்து, குரூப்பில் வந்த படத்தை வைத்துத்தான் நீ கேட்டாய். அந்தப் பச்சைப் புடவைக்காரி நான் இல்லை, என்னோடு படித்த ராணிப்பேட்டைக்காரி. பெற்ற தாயின் முகம்கூடத் தெரியாத அளவுக்கா போன் திரை சின்னது? நான் முக்கால் தூரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் போனில் சொன்னால் முட்டி டாக்டர், ஸ்கேன் என்று ஆரம்பிப்பாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. 34 வருஷம் அஞ்சலகத்தில் இருந்துவிட்டு வாட்ஸ்அப்பிலேயே காலம் தள்ளுவதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உன் கல்லூரிப் பழைய மாணவர்களோடு நீ நடந்துபோன காட்டின் படத்தைப் பார்த்தேன். மேப்பிள் இலையெல்லாம் குங்குமமும் மஞ்சளுமாகக் கொட்டிக் கிடந்தது. அங்கே குளிருக்குப் பயந்து மரங்கள் இலையை உதிர்க்கின்றன. இங்கே வெயிலுக்குப் பயந்து மாசி, பங்குனியில் உதிர்க்கும். ஐப்பசியில் ஏலகிரி உன் படத்துக்கு நேர் எதிர். பாறை இடுக்கில்கூடப் பச்சை. ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து ஆறிப்போன ரொட்டியைச் சாப்பிட்டோம் என்றாயே, அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 20 பேர் போகிறீர்கள், ஒருத்தருக்குக்கூட ஒரு தூக்கு நிறையச் சாதம் கட்டத் தோன்றவில்லையா?

எங்களுக்குத் தேதி வைப்பதற்கே ஒரு மாதம் ஆனது. புரட்டாசியில் பாதிப் பேர் கவுச்சி தொடமாட்டார்கள். பிரியாணி கொண்டுவராமல் நான் வரவேமாட்டேன் என்று ஆம்பூர்க்காரி பிடிவாதம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு என்றால் பலகாரம் யார் சுடுவது? கடைசியில் தீபாவளி முடிந்த ஞாயிறு என்று முடிவானது. 1981 பேட்ச், பிளஸ் டூ, மொத்தம் 22 பேர். காலை 6 மணிக்கு வேன் கிளம்பும் என்றார்கள், 7 மணிக்குக் கிளம்பியது.

நாங்கள் படித்தபோது எல்லாருக்கும் ஒரே மாவட்டம்தான். வட ஆற்காடு. கடித உறையில் "வ.ஆ. மாவட்டம்" என்று எழுதினால் போதும், ஆற்காடு முதல் திருப்பத்தூர் வரை, அந்தப் பக்கம் திருவண்ணாமலை வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 1989இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இப்போது நான்கு மாவட்டக்காரிகள். உன் கலெக்டர் பெரியவரா, என் கலெக்டர் பெரியவரா என்று வேனில் ஒரு சண்டையும் நடந்தது.

ஆம்பூரில் இரண்டு அண்டா ஏறியது. ஒன்றில் பிரியாணி. இன்னொன்றில் கறி சாப்பிடாதவர்களுக்குத் தனியாகச் செய்த குஸ்கா. ராத்திரி 3 மணிக்கே எழுந்து, விறகு அடுப்பு மூட்டி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் தாளித்து, சீரகச் சம்பா போட்டுத் தம் கட்டியிருக்கிறாள். துண்டால் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வாணியம்பாடியில் பாலாற்றில் தண்ணீர் ஓடியது. உடனே வேனில் எல்லாரும் எழுந்து ஒரே பக்கம் சாய, டிரைவர் திட்டினார். 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியதை டிவியில் பார்த்தாயே, அதற்குப் பிறகும் எங்களுக்கு ஆசை தீரவில்லை. பாலாறு என்றால் மணல் என்றே வளர்ந்தவர்கள் நாங்கள்.

பொன்னேரியிலிருந்து மலைப்பாதை. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் பலகை. பாவேந்தர், பாரதியார், வள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவை. அப்புறம் கடையெழு வள்ளல்கள். எங்களில் ஒருத்தி தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சும்மா விடுவாளா? ஒவ்வொரு வளைவிலும் ஒரு கேள்வி. மயிலுக்குப் போர்வை கொடுத்தது யார், முல்லைக்குத் தேர் கொடுத்தது யார் என்று. "கீழே புலவர்கள், மேலே வள்ளல்கள். பரிசில் வாங்கணும்னா மலையேறித்தானே போகணும்" என்று அவளே சொல்லி அவளே சிரித்தாள். அதியமான் வளைவில் பின் சீட்டில் ஒருத்திக்குக் குமட்டல் வந்துவிட்டது. டீச்சர் பையைத் திறந்து உப்பில் போட்ட நெல்லிக்காயை எடுத்து நீட்டினாள். அந்த இடம் வரட்டும் என்று வேலூரிலிருந்தே காத்துக்கொண்டிருந்தாளாம்.

மங்களம் கிராமத்தில் வேன் நின்றது. அங்கிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடை. ஊர்ப் பையன் ஒருவன் கையில் கழியோடு முன்னால் போனான். முதல் நாள் மழையில் கல்லெல்லாம் வழுக்கல். நான் உன் ஷூவைத்தான் போட்டிருந்தேன், நீ விட்டுவிட்டுப் போனதை, உள்ளே இரண்டு காலுறை மாட்டி. ஆரம்பத்தில் எல்லாரும் பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் பாடினார்கள். அரை மணியில் பாட்டு நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

குடியாத்தத்துக்காரி ஒருத்தியைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி எனக்கே எதுவும் தெரியாது. பள்ளியில் 800 மீட்டர் ஓட்டம் என்றால் அவள்தான். சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாகத் தனியாக ஓடிப் பழகுவாள். மாவட்ட அளவில் முதல் பரிசு வாங்கினாள். பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கல்யாணம். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. இந்தத் தடவை எங்கள் வகுப்பு லீடர் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டாள். குரூப்பில் சேர்க்கும்போது, "அவள்தான் பரீட்சையே எழுதலையே, நம்ம பேட்ச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். வருகைப் பதிவேட்டில் பேர் இருந்ததா இல்லையா என்று லீடர் ஒரே வரியில் வாயை அடைத்துவிட்டாள். கேட்டவள் யார் என்று நான் எழுதப் போவதில்லை, உனக்கு அவளைத் தெரியும்.

முக்கால் தூரத்தில் அந்த ஓட்டக்காரிதான் முதலில் உட்கார்ந்தாள். "என் முட்டி நின்னுபோச்சு, நீங்க போங்கடி" என்றாள். என் முட்டியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான் வெளியே சொல்லவில்லை. "நான் துணைக்கு இருக்கேன்" என்று பெருந்தன்மையாக உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். மர இடைவெளியில் கீழே சமவெளி தெரிந்தது. ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் ஊதுவது கேட்டது. "மேல என்ன இருக்காம்?" என்று கேட்டாள். சின்னதாக ஒரு கோயில் இருக்கிறது என்றேன். "அப்ப இங்கேருந்தே கும்பிட்டா கேக்காதா?" என்றாள்.

ஆரணிக்காரி கொடுத்த அவித்த வேர்க்கடலை, நம் ஊர் மல்லாட்டை, மடியில் இருந்தது. உரித்துத் தின்றுகொண்டே பேசினோம். தீப்பெட்டி கம்பெனியில் 20 வருஷம் வேலை பார்த்ததைச் சொன்னாள். அந்தப் பரிசுச் சான்றிதழ் இன்னும் இருக்கிறதாம். பேரன் அதைப் படித்துவிட்டு, "வட ஆற்காடுன்னு ஒரு மாவட்டமே இல்லையே ஆயா, இது டூப்பா?" என்று கேட்டானாம். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் சொன்னாள். "உன் கவுன்டர்லதாண்டி நான் ஆர்.டி. கட்டினேன்."

நான் குடியாத்தத்தில் கவுன்டரில் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்குமா? நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தாய். காலையில் ரயிலைப் பிடித்துப் போய் ராத்திரி திரும்புவேன். அந்த நாட்களில்தான். மாதம் 50 ரூபாய், அவள் பெண் கல்யாணத்துக்கு. ஆர்.டி. என்றால் மாதாமாதம் கட்டும் அஞ்சலகச் சேமிப்பு, 5 வருஷம், 60 தவணை. "அந்தப் பாஸ் புக்குல 60 வரியும் உன் கையெழுத்துதான்" என்றாள்.

"ஏண்டி கூப்பிடலை?"

"நீ தலை நிமிந்தா கூப்பிடலாம்னுதான் ஒவ்வொரு மாசமும் நினைப்பேன். 'சில்லறை இருக்கா'ன்னு கேப்ப. அப்பவும் நிமிர மாட்ட."

கோபமாகச் சொல்லவில்லை, பாப்பா. மல்லாட்டையில் சொத்தையைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே சொன்னாள். மாத முதல் வாரத்தில் எவ்வளவு கூட்டம், பென்ஷன், மணியார்டர், ஒரு ரூபாய் குறைந்தால் என் கையிலிருந்து போகும் என்றெல்லாம் சொல்ல வாய்வரை வந்தது. அவள் பேரில் மாதம் பத்துப் பேராவது வருவார்கள், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலும் வேறு. எல்லாம் உண்மைதான். ஆனால் 60 தடவை. ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் எதுவும் பேசவில்லை. அவளே, "விடுடி, கணக்கு ஒரு பைசா பிசகலை. வட்டியோட வந்துச்சு" என்று என் தொடையில் தட்டினாள்.

மேலே போனவர்கள் கத்திக்கொண்டு இறங்கி வரும்வரை அங்கேயே இருந்தோம். உனக்கு வந்த படம் அப்போது மேலே எடுத்ததுதான்.

சாப்பாடு, ஒருத்தியின் சம்பந்தி வீட்டுத் தோப்பில். பலா மரத்தடியில் தார்ப்பாய் விரித்தோம். பிரயாணத்துக்குக் கெடாது என்று நினைத்து 9 பேர் புளிசாதம் கொண்டுவந்திருந்தார்கள். நானும் ஒருத்தி. ஒருத்தி வெல்லம் போட்டிருக்கிறாள், ஒருத்தி எள்ளுப் பொடி தூவியிருக்கிறாள், ஒருத்தி புளியோதரை என்று பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாள். எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. அப்பா இரண்டு நாள் அதைத்தான் சாப்பிட்டார். பிரியாணி அண்டாவைத் திறந்ததும் புளிசாதத்தை யார் பார்ப்பார்கள்? கூடவே முள்ளுக் கத்தரிக்காயில் தொக்கு. நம் இலவம்பாடிப் பக்கத்துக் காய், இப்போது அதற்குப் புவிசார் குறியீடு வேறு. அந்தக் காய்க்கு எண்ணெய் தாராளமாக விட வேண்டும். நீ அங்கே வாங்கும் பெரிய கத்தரிக்காயில் அந்த ருசி வராது, முயற்சியே செய்யாதே. ஓட்டக்காரி கேழ்வரகு அடை கொண்டுவந்திருந்தாள், முருங்கைக்கீரை போட்டு. கொஞ்சமாகத்தான் இருந்தது, முதலில் தீர்ந்தது அதுதான். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். தொக்கை மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ராணிப்பேட்டைக்காரி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தாள். குரங்கு ஒன்று வந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மரத்தின் மேல் உட்கார்ந்து, ஜீரா கையில் வழிய வழிய ஒவ்வொன்றாகத் தின்றது. நாங்கள் 22 பேர் கீழே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அப்புறம் மழை. தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வேனுக்கு ஓடினோம், ஓட்டக்காரியைத் தவிர. அவள் நனைந்துகொண்டே நடந்து வந்தாள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். அடுத்தது எங்கே என்று திரும்பும்போதே பேச்சு வந்தது. வள்ளிமலை என்றார்கள், படி என்றதும் பாதி முட்டிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. காவலூர் வானாய்வகம் என்று முடிவானது, அங்கே வாசல்வரை வேன் போகும். 1986இல் திறந்த பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கண்ணாடி 93 அங்குலம். 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்றே பெயர். இதெல்லாம் எங்கள் கணக்கு டீச்சர் சொன்னது. ஆனால் ஐப்பசியில் போனால் மேகத்தைத்தான் பார்க்கலாம். மாசியில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்குமாம். அதனால் அடுத்த வருஷம்வரை காத்திருக்காமல் இந்த மாசியிலேயே போகிறோம். சாப்பாடு என் பொறுப்பு, புளிசாதம் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஆகவே எனக்கு டிக்கெட் தை மாதம் போடாதே. பங்குனிக்கு மேல் போடு. ஆறு மாதம் வேண்டாம், மூன்று போதும்.

முட்டிக்கு மாட்டும் உறை ஒன்று அனுப்புவதாகச் சொன்னாயே, அதை இரண்டு ஜோடியாக வாங்கு. எனக்கு நடுத்தர அளவு, இன்னொன்று பெரிய அளவு. அதையும் வேலூர் விலாசத்துக்கே அனுப்பு. குடியாத்தத்துக்கு நேராக அனுப்பிவிடாதே, நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அப்பாவும் நான் உச்சிக்குப் போனதாகத்தான் எதிர்வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ உளறிவிடாதே.