காற்றுக்கும் ஒரு விதி எழுதுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை, பொது சுகாதாரத் துறை, பொழுதுபோக்குத் தொலைக்காட்சிகளில் நிகழ்ச்சிப் பொறுப்பு வகிப்போர்

வணக்கம்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் வேலை செய்யும் எங்கள் தொழிலில் பி.சி.ஆர். (புரொடக்‌ஷன் கண்ட்ரோல் ரூம்) என்றால் ஓர் அறை. இயக்குநர், ஆன்லைன் எடிட்டர், கேமரா கண்ட்ரோல், ஒலிப்பதிவாளர், கிராபிக்ஸ் என்று பத்துப் பேர் மானிட்டர்களைப் பார்த்தபடி தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் இடம். 2020க்குப் பிறகு அந்த மூன்றெழுத்து, மூக்கில் குச்சி விடும் கொரோனா சோதனையைக் குறிப்பதாகிவிட்டது. பெயர்ப் பொருத்தத்தை நினைத்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த மடலை எழுதவைத்ததே அந்த அறைதான். தொற்றுக் காலப் படப்பிடிப்பு விதியில் ஆள் எண்ணிக்கையோடு காற்றோட்டத்துக்கும் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறோம்.

2020 மார்ச் 19 முதல் படப்பிடிப்புகள் நின்றன. மே மாதக் கடைசியில் சின்னத்திரைக்கு அனுமதி வந்தபோது, அரங்குக்குள் அதிகபட்சம் 60 பேர் என்று அரசு சொன்னது. செப்டம்பரில் சினிமாவுக்கு 75 பேர். ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் ஆறடி இடைவெளி, முகக்கவசம், பார்வையாளருக்குத் தடை என்று போனது. எல்லாம் நல்லெண்ணத்தில் எழுதியவைதான். ஆனால் அவை ஒரு தொடருக்கோ சினிமாவுக்கோ பொருந்தும் கணக்குகள். பாட்டுப் போட்டி வேறு சாதி வேலை. பாடுகிறவர் முகக்கவசம் போட முடியாது. ஒரே அரங்கில் பத்துப் பன்னிரண்டு போட்டியாளர்கள் மாறி மாறி வாய் திறக்கிறார்கள். நடுவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். ஜூனியர் நிகழ்ச்சி என்றால் குழந்தை, துணைக்கு அம்மா, சில வீடுகளில் பாட்டியும். 10 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்கள் வீட்டோடு இருப்பது நல்லது என்று அரசு அறிவுறுத்திய காலத்தில், அந்த இரு வயதினரையும் சேர்த்தே ஒரு மேக்கப் அறையில் உட்காரவைத்தது எங்கள் தொழில்.

பாட்டின் ஆபத்தை உலகம் முதல் மாதத்திலேயே பார்த்துவிட்டது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அறிகுறியோடு வந்தவர் ஒருவர். பிறகு உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குத் தொற்று என்று கணக்கிட்டார்கள், இருவர் இறந்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. ஒரே உரப்பில் பேசினாலும் பாடினாலும் வாயிலிருந்து வரும் நுண்துகளில் பெரிய வித்தியாசம் இல்லை. உரப்பு ஏறும்போதுதான் அது 20, 30 மடங்கு கூடுகிறது. போட்டியாளர் மேல்ஸ்தாயியில் நாலு நிமிடம் பாடிவிட்டு இறங்கிவிடுவார். பி.சி.ஆரில் "கேமரா த்ரீ, உள்ளே போ!" என்று கத்துகிற இயக்குநர் பன்னிரண்டு மணி நேரம் கத்துவார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 80 அடி நீளம், 60 அடி அகலம், 30 அடி உயரமுள்ள ஃப்ளோர், அதாவது மேடை இருக்கும் படப்பிடிப்பு அரங்கு, 1,44,000 கன அடி. அதில் நூறு பேர் நின்றாலும் தலைக்கு 1,440 கன அடி காற்று. பி.சி.ஆர். 20க்கு 15, உயரம் 9 என்றால் 2,700 கன அடி. பத்துப் பேருக்குத் தலைக்கு 270. 12க்கு 12, உயரம் 10 அடி உள்ள மேக்கப் அறையில் நாலு பேர் இருந்தால் தலைக்கு 360. ஹோட்டலிலிருந்து போட்டியாளர்களை ஏற்றிவரும் டெம்போ டிராவலரில் பன்னிரண்டு பேர் ஏறினால் தலைக்கு 30, 35 கன அடிதான் தேறும், அதிலும் ஏ.சி. போட்டு ஜன்னலை மூடிவிடுவார்கள். அதிகாரிகள் வந்து தலை எண்ணியது ஃப்ளோரில். எங்கள் இடங்களிலேயே காற்று அதிகம் இருந்த இடம் அது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: அனுமதி விதியில் ஆள் எண்ணிக்கையோடு ஒவ்வோர் அறைக்கும் காற்றளவு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் சொன்ன அளவு, ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று. நம் மின்விசிறிக் கடைக் கணக்கில் ஆளுக்கு நிமிடத்துக்கு 21 கன அடி. பத்துப் பேர் இருக்கும் பி.சி.ஆருக்கு 210 போதும். நிமிடத்துக்கு 450 கன அடி இழுக்கும் எக்ஸாஸ்ட் ஒன்று மாட்டினால் மணிக்குப் பத்து முறை அறைக்காற்று மாறிவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் மட்டும் மாட்டிவிட்டுக் கதவை இறுக்கிச் சாத்தினால் காற்று வர வழி இல்லாமல் விசிறி சும்மா சுற்றும். எதிர்ச்சுவரில், கீழ்ப்பக்கம், ஓர் அடிக்கு ஓர் அடி கிரில் வைத்து அதன் வாய் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பக்கத்து மேக்கப் அறைக்குள் திறந்தால் அங்கிருப்பதை இங்கே இழுத்ததாகிவிடும். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருப்பதையே குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. குளிராக இருந்தால் காற்று நன்றாக இருக்கிறது என்ற நினைப்பு எங்கள் ஆட்களிடமும் உண்டு.

நம்பாதவர்களுக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மானிட்டர் போதும். ஆட்கள் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அது காட்டிவிடும். வெளிக்காற்றில் சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். அறைக்குள் 800க்குக் கீழே இருந்தால் சரி. பத்துப் பேர் உட்கார்ந்து மூடிய மேற்சொன்ன பி.சி.ஆரில் ஒரு மணி நேரத்தில் 2,000ஐத் தாண்டும். கருவியை ஏ.சி.க்கு நேராகவோ ஆள் மூச்சு படும் மேசையிலோ வைக்காமல் தலை உயரத்தில், சுவரோரம் வையுங்கள்.

காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரங்களை ஃப்ளோரில் வாடகைக்கு எடுத்து நிறுத்துவது காசுக்குக் கேடு. நிமிடத்துக்கு 300 கன அடி சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டால், அந்த ஃப்ளோரின் காற்றை மணிக்கு ஆறு முறை மாற்ற 48 இயந்திரங்கள் வேண்டும். அதே மாதிரியில் ஒன்றை 1,440 கன அடி மேக்கப் அறையில் வைத்தால் பன்னிரண்டு முறைக்கு மேல் மாறும். ஃப்ளோரில் பெரிய கதவுகளைத் திறந்து வைத்து, மேலே எக்ஸாஸ்ட் ஓடவிடுவதுதான் வழி. "சத்தம் வருமே" என்று ஒலிப்பிரிவு சொல்லும். பாட்டு நடக்கும்போது அந்தச் சத்தம் பிரச்சினையே இல்லை. கை மைக் வாயோடு ஒட்டியிருக்கிறது, இசை அதை மூடிவிடும். நடுவர் பேச்சுக்கும் 'யார் வெளியேறுகிறார்' என்ற அந்த நீண்ட மௌனத்துக்கும் மட்டும் அணைத்தால் போதும். அந்த மௌனத்தைக் கொஞ்சம் சுருக்கினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நடுவர் மேசையில் நிறுத்திய கண்ணாடித் தடுப்புகள் எச்சில் துளியைத் தடுக்கும்; காற்றில் மிதப்பதைத் தடுக்காது. வரிசையாக நிறுத்தினால் காற்றோட்டத்தையே மறித்துவிடும். போதாததற்கு எல்லா லைட்டும் அதில் பிரதிபலித்து கேமராமேன் உயிரை எடுக்கும். ஒரு மேசையை மூன்று மேசையாக்குங்கள். புல்லாங்குழல், நாதஸ்வரம், சாக்சபோன் வாசிப்பவர்களை இசைக்குழுவின் நடுவில் வைக்காமல், காற்று வெளியேறும் பக்கத்து ஓரத்தில் உட்காரவையுங்கள்.

மேக்கப் அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒப்பனைக் கலைஞர் ஓரடி தூரத்தில், கவசமில்லாத முகத்துக்கு எதிரே, முக்கால் மணி நேரம் நிற்கிறார். ஒரு நாளைக்கு ஆறு முகங்கள். அவருக்கு ஃபேஸ் ஷீல்டு கொடுத்து உட்காரவைப்பதில் பயனில்லை. அதன் பக்கவாட்டிலும் அடியிலும் காற்று புகும். என்95 வேண்டும், முகத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு, அதற்குச் செலவே இல்லை: வேலையின் வரிசையை மாற்றுவது. போட்டியாளர் கவசத்தோடு உட்காரட்டும். தலைமுடி, நெற்றி, கண் எல்லாம் முடித்துவிட்டு, கன்னமும் உதடும் கடைசியில். கவசமில்லாத நேரம் பத்து நிமிடமாகக் குறையும். மஸ்காரா குச்சியை ஒருவருக்கு விட்டதைப் புட்டிக்குள் மறுபடி விடக்கூடாது. கிரீமை ஸ்பேச்சுலாவால் தட்டில் எடுத்துவிட்டு டப்பாவை மூடிவிட வேண்டும்.

ஒலிப்பிரிவில் ஒரு சின்ன விஷயம். ஆளுக்கொரு வயர்லெஸ் மைக் என்று கேட்டால் தயாரிப்பு மேலாளர் மயங்கி விழுவார். தேவையில்லை. மைக்கின் தலைக்கூடு திருகினால் கழன்று வரும். நாலு மைக்குக்கு இருபத்து நாலு தலைக்கூடு வாங்கி, ஆளுக்கு ஒரு நிற டேப் ஒட்டிவிடுங்கள். கழற்றிய கூட்டை உள்ளிருக்கும் ஸ்பாஞ்சோடு சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் குரல் மந்தமாகும், உள்ளே ஒலியைப் பிடிக்கும் கேப்சூல் கெடும். சானிடைசரை மைக் மேல் நேராக அடிப்பது பழுது பார்க்கும் கடைக்கு வருமானம். சட்டையில் குத்தும் லேப்பல் மைக்கைப் போட்டியாளரே கண்ணாடி முன் நின்று மாட்டிக்கொள்ளலாம், உதவியாளர் ஆறடி தள்ளி நின்று சொல்லிக் கொடுப்பார். முதல் நாள் தாமதமாகும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

எல்லாம் மூடிவிட்டால் வீட்டிலிருந்து பாடவைக்கும் வழி இருக்கிறது. அமெரிக்கன் ஐடல் என்ற பாட்டுப் போட்டி 2020 ஏப்ரல் 26 முதல் மே 17 வரை அப்படித்தான் இறுதிச் சுற்றுகளை நடத்தியது. போட்டியாளருக்கு மூன்று கைப்பேசியும் ரிங் லைட்டும் அனுப்பிவைத்தார்கள். நம் ஊரில் செய்யும்போது தடுக்கி விழும் இடங்கள் வேறு. வீடியோ கால் வழியாக இசைக்குழுவோடு சேர்ந்து பாடவே முடியாது. 30 மில்லி விநாடி தாமதத்துக்கு மேல் தாளம் இழுக்கும். அழைப்பில் 150 சாதாரணம். ஆகவே இசைத்தடத்தைக் காதில் கேட்டுப் பாடி, கைப்பேசியிலேயே பதிந்து, கோப்பை அனுப்ப வேண்டும். இரைச்சல் நீக்கும் வசதியை அணைக்காவிட்டால், நீண்டு நிற்கும் ஸ்வரத்தையும் தம்பூராவையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அது விழுங்கிவிடும். சினிமாப் பாட்டு தப்பிக்கும், ஆலாபனை தப்பிக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 30 பிரேமில் எடுத்தால் சில டியூப் லைட்டும் எல்.இ.டி.யும் துடிக்கும், 25 பிரேம், ஷட்டர் 1/50 வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியின் பிரேம் வேகம் சற்று ஏறி இறங்கும், பாட்டின் முடிவில் உதடும் குரலும் பிரியும். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு கைத்தட்டு இருந்தால் எடிட்டர் இரு முனையையும் பொருத்திவிடுவார். 4கே தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி.; நாலு நிமிடப் பாட்டு மூன்று கேமராவில் இரண்டு ஜி.பி. 5 எம்.பி.பி.எஸ். இணைப்பில் அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும். சிறிய ஊர்ப் பிள்ளைக்கு அந்த இணைப்பும் இருக்காது. கோப்பு தாமதமானதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒரு சுற்றில் ஒருவர் வீட்டிலிருந்து என்றால் எல்லோரும் வீட்டிலிருந்துதான்.

போட்டியாளருக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு எழுதிய விதி வேண்டும். 2021 மே மாதம் ராட்டர்டாமில் நடந்த, நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டியான யூரோவிஷனில், குரலில் திருத்தம் செய்யாத முன்பதிவு ஒன்றை ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியப் பாடகி பயணமே செய்யாமல் அதைக் கொண்டு போட்டியிட்டார். ஐஸ்லாந்துக் குழுவில் ஒருவருக்குத் தொற்று வந்தபோது, மேடை ஒத்திகையில் எடுத்த பதிவை ஒளிபரப்பினார்கள். அவர்கள் நாலாம் இடம் பிடித்தார்கள். இதைச் செய்ய நமக்குக் கூடுதல் செலவே இல்லை. ஒத்திகை நாளில் கேமராக்கள் எப்படியும் இருக்கின்றன. ஒத்திகையை அதே உடை, அதே மிக்ஸோடு பதிந்து வையுங்கள். ஆள் விழுந்தால் அது ஓடட்டும். வந்த தொற்றை புரோமோவாக்காதீர்கள். நெகட்டிவ் ஆன மறுநாளே மேல்ஸ்தாயிப் பாட்டு கொடுக்காதீர்கள்.

ஓர் ஊரில் தடை வந்தால் பக்கத்து ஊருக்குப் போய்விடலாம் என்பதும் நடந்தது. 2021 ஏப்ரலில் மகாராஷ்டிரம் படப்பிடிப்பை நிறுத்தியபோது இந்தியன் ஐடல் டாமனுக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம், சென்னைக்கு அருகே நடந்துகொண்டிருந்த ஒரு மலையாள ரியாலிட்டி நிகழ்ச்சியில் பணியாளர்கள் சிலருக்குத் தொற்று வர, வருவாய்த் துறையினர் அரங்குக்குச் சீல் வைத்தார்கள். போட்டியாளரைச் சுற்றி எத்தனை வேலி போட்டாலும், அவருக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவர் இரவு வீட்டுக்குப் போகிறார்.

கடைசியாகக் கூலி. லைட்மேனும் செட் உதவியாளரும் புரொடக்‌ஷன் பையனும் காலையில் ஒரு செட், இரவில் இன்னொரு செட் என்று ஓடுகிறவர்கள். திங்கட்கிழமை சாம்பிள் கொடுத்து, செவ்வாய் இரவு முடிவு வாங்கி, புதன்கிழமை உள்ளே வருகிறவர் நடுவில் எங்கே வேலை செய்தார் என்று அந்தச் சீட்டு சொல்லாது. அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய கூலியும் பேட்டாவும் போயிற்று. அதனால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து தெர்மாமீட்டர் முன் நிற்பார். கருவி 97 காட்டும். ஆகவே ஷெட்யூல் முடியும்வரை ஒரே குழு, தங்குமிடம், வேலை இல்லாத நாளுக்கும் பாதிக் கூலி, நோய் வந்தால் முழுக் கூலி என்பதை அனுமதிப் படிவத்திலேயே ஒரு நிபந்தனையாக்குங்கள். பத்து நாள் ஷெட்யூலில் பத்து லைட்மேன்களுக்கு இது ஆகும் செலவை, ஒரே ஒரு நாள் படப்பிடிப்பு ரத்தாவதன் நஷ்டத்தோடு வைத்து உங்கள் கணக்காளரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த விதியை எழுத உட்காரும் கூட்டத்துக்கு, இயக்குநர்களையும் சேனல் அதிகாரிகளையும் கூப்பிடுவதோடு ஓர் ஒப்பனைக் கலைஞரையும் ஏ.சி. மெக்கானிக் ஒருவரையும் கூப்பிடுங்கள். கூட்டத்தைப் பி.சி.ஆரில், கதவைச் சாத்திவிட்டு, கார்பன் டை ஆக்சைடு மானிட்டரை மேசைக்கு எதிரே சுவரில் மாட்டி நடத்தினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒலி, ஒளி, ஒப்பனை, பி.சி.ஆர். பிரிவுகளில் வேலை செய்கிறவர்கள்