கரிப் பானையைக் கூடத்துக்குள் வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. மேசையிலேயே சூப்பைக் கொதிக்கவைத்து, இறைச்சியும் காய்கறியும் அதில் வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டுக்கு எந்த அடுப்பு என்ற பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. என் மருமகள் சீனப் பெண். புத்தாண்டுக்கு முந்தைய இரவு இரு குடும்பமும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். சம்பந்தி அம்மாளிடம் பெய்ஜிங் பாணிச் செம்புப் பானை இருக்கிறது. நடுவில் கரி போடும் புகைபோக்கி, அதைச் சுற்றி சூப் ஊற்றும் வட்டப் பள்ளம். புகைபோக்கியின் வாயைச் சிறு மூடியால் பாதி மறைத்தால் கனல் அடங்கும். எடுத்துவிட்டால் சூப் தளதளவென்று கொதிக்கும். மெல்லிய ஆட்டிறைச்சித் துண்டைக் குச்சியில் பிடித்து அதில் அலசினால் நொடியில் நிறம் மாறிவிடும். இந்தப் பானையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால், சன்னல்களைச் சாத்தி, குளிர்சாதனத்தை ஓடவிட்ட, சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அதை ஏற்றவே கூடாது என்பேன். நன்றாகக் கனன்ற கரியில் புகை தெரியாது. அதனால்தான் ஆபத்தில்லை என்று நம்பிவிடுகிறோம். அப்போதும் அது கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் விருந்தில் அதிகம் சாப்பிட்டதால்தான் என்று படுத்துவிடுவோம். அப்படிப் படுப்பதுதான் உயிருக்கே ஆபத்து. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கைக் கருவி புகையைத்தான் கண்டுபிடிக்கும். இந்த வாயுவுக்கு அது ஒலிக்காது.

கடையில் விசாரித்தபோது, வெளியில் இறைச்சி வாட்டுவதற்கான, சட்டென்று பற்றிக்கொள்ளும் கரிவில்லைகளைத்தான் எடுத்துத் தந்தார்கள். அவற்றில் பற்றவைக்கும் இரசாயனம் கலந்திருக்கும். சாப்பாட்டு மேசைக்கு அது ஆகவே ஆகாது.

கேஸ் குப்பி அடுப்பு பரவாயில்லை, ஆனால் பானை அளவாக இருக்க வேண்டும். அகலப் பானை குப்பி இருக்கும் பக்கம் வரை நீண்டால், சூடு குப்பியில் இறங்கி அது வெடிக்கக்கூடும். ஆல்கஹால் ஜெல்லை எரிபொருளாக ஊற்றும் அடுப்பில், சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஜெல் ஊற்றினால் தீ பாய்ந்து எதிரில் இருப்பவர்மேல் விழும். பிள்ளைகள் சுற்றி உட்காரும் மேசைக்கு அதை நான் ஒப்பமாட்டேன். இண்டக்‌ஷன் அடுப்பு பொதுவாகச் செம்பைச் சூடாக்காது. பானையின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இம்முறை எங்கள் கூடத்தில் மின்சாரப் பானை. செம்புப் பானை, சம்பந்தியின் அண்ணனுடைய தரைவீட்டு முற்றத்துக்குப் போகிறது. அங்கேயும் சூப் ஊற்றிய பிறகே கனலைப் போட வேண்டும். வெறும் பானையில் போட்டால், உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்புகள் உருகிவிடும். மிஞ்சிய கரியை நீரில் நன்கு ஊறவைத்த பிறகே எறிய வேண்டும். சூட்டோடு குப்பைத் தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கும்.

கரிப் பொட்டலங்களில் ‘வீட்டுக்குள் எரிக்காதீர்’ என்ற எச்சரிக்கை நான்கு மொழிகளிலும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். புத்தாண்டுக்கு முன் தங்கள் நாளிதழும் இதை வலியுறுத்த வேண்டுகிறேன்.

அன்புடன்,
வாசகி, தோ பாயோ