ஓரம் தள்ளிய மேசை

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு ஆராதனையில் டிரம்ஸ் வைக்க இடம் வேண்டுமென்று திருவிருந்து மேசையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள், அப்பமும் திராட்சரசமும் வைக்கிற மேசை, அதன் மேல் ஒயர் சுருள் கிடந்தது. இசை தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் பாட்டு முழுக்க 'எனக்கு, எனக்கு', பிரசங்கம் முழுக்கப் பிரசங்கியாரின் சொந்தக் கதை, கிறிஸ்து கடைசி ஜெபத்தில்தான் எட்டிப் பார்த்தார். அவர் பெருகவும் தான் சிறுகவும் வேண்டும் என்றுதானே, கிறிஸ்துவுக்கு முன்னோடியாய் வந்த யோவான் ஸ்நானகன் சொன்னார் (யோவான் 3:30)?

சரி, மேடையை மட்டும் குறை சொல்வானேன். சீடர்களின் காலைக் கழுவித் துண்டால் துடைத்த கிறிஸ்துவை ஞாயிறு பாடிவிட்டு, திங்கட்கிழமை என்னோடு வேலை செய்கிறவர் ஒரு சின்னத் தப்பு செய்ததும் எரிந்து விழுந்தவன் நான்தான். மன்னிப்புக் கேட்கவே எனக்கு வியாழன் ஆகிவிட்டது.

- ஒரு வாசகர்