பட்டன் சேர்க்கவும் சொல்லிக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கணினிப் பக்கத்தை விடாமல் படித்து வருகிறேன். புதிய செயலிகள், செயற்கை நுண்ணறிவு, செல்போனில் பணம் பறிக்கும் மோசடிகள் என்று தேவையானவை பலவும் வருகின்றன. ஆனால் தமிழில் தட்டச்சு செய்து பிழைப்பவர்களுக்கு அன்றாடம் கைகொடுக்கக்கூடிய ஒரு விஷயம் மட்டும் இதுவரை என் கண்ணில் படவில்லை. வேர்டு, லிப்ரேஆபீஸ் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் நமக்கு வேண்டிய பட்டன்களை நாமே அமைத்துக்கொள்ளும் வசதியைத்தான் சொல்கிறேன்.

கோத்தகிரியில் தட்டச்சும் ஜெராக்ஸும் சேர்ந்த ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் எங்கள் வேலை என்னவென்று புரியும். அன்று உதகையில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நெடுகுளாவிலிருந்தும் கெங்கரையிலிருந்தும் வருகிறவர்கள் மனு அடித்து வாங்கிக்கொண்டு உதகை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, பச்சைத் தேயிலை விலை, தெருவிளக்கு எரியவில்லை என்று விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 'பெறுநர்' முகவரியும், 'ஐயா, வணக்கம்' என்ற தொடக்கமும், 'தாங்கள் தயவுகூர்ந்து' என்று தொடங்கும் கடைசிப் பத்தியும் மாறுவதே இல்லை. நிலம் சம்பந்தப்பட்ட மனு என்றால் வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு, நான்கெல்லை என்று ஒரு கட்டமே அப்படியே திரும்ப வரும். இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் எழுத்தெழுத்தாக அடிக்கிற கடைகள் இந்த மலையில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் காலைகளில் விரல் மடங்கவே மறுக்கும். ஹட்டி என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் எங்கள் பக்கம் ஏராளம். தமிழ்99 விசைப்பலகையில் ஹ, ஜ போன்ற எழுத்துகளுக்கு ஷிப்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விறைத்த விரலோடு அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் ஒரு பட்டனின் அருமை தெரியும்.

சிலர் பழைய மனு ஒன்றைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுக்கிறார்கள். அது ஆபத்து. முந்தையவரின் புல எண்ணோ தகப்பனார் பெயரோ எங்காவது ஒரு வரியில் ஒட்டிக்கொண்டு, மனுவே திரும்பி வந்துவிடும்.

இதற்கு வேர்டில் ஆட்டோடெக்ஸ்ட் என்ற வசதி இருக்கிறது. அடிக்கடி வரும் பத்தியை ஒருமுறை பிழையில்லாமல் அடித்து, தேர்ந்தெடுத்து, ஆல்ட்டையும் எஃப்3-யையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் சின்னதாக ஒரு பெயர் கொடுத்து, கேலரி என்ற இடத்தில் ஆட்டோடெக்ஸ்ட் என்பதைத் தேர்வு செய்து சேமிக்க வேண்டும். அப்புறம் இன்செர்ட் பகுதியில் குயிக் பார்ட்ஸுக்குள் இருக்கும் ஆட்டோடெக்ஸ்ட் பட்டியலின் மேல் வலது சொடுக்குச் செய்து, குயிக் ஆக்சஸ் டூல்பாரில் சேர்த்துவிடலாம். திரையின் மேற்புறத்தில் நிரந்தரமாக ஒரு பட்டன் வந்து உட்கார்ந்துகொள்ளும். அழுத்தினால் நாம் சேமித்த பத்திகள் எல்லாம் வரிசையாக விரியும். வேண்டியதைத் தொட்டால் முழுப் பத்தியும் பக்கத்தில் விழும். ரைட்டரில் இதே வேலைக்குக் கன்ட்ரோல், எஃப்3. அங்கே பட்டன் சேர்க்க டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைத் திறந்தால் போதும். லிப்ரேஆபீஸ் இலவசம், மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். வேர்டு வாங்க வசதியில்லாத சின்னக் கடைக்காரர்கள் திருட்டு நகலைத் தேடாமல் தைரியமாக இதற்கு மாறலாம்.

தேதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேர்டில் ஆல்ட், ஷிப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இன்றைய தேதி வரும் என்று குறிப்புப் புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். வரும், உண்மைதான். ஆனால் அப்படி வருவது தானாக மாறும் தேதி. அதே கோப்பை அடுத்த மாதம் திறந்தாலோ அச்சிட்டாலோ அன்றைய தேதியைக் காட்டும். 'போன மாதம் கொடுத்த மனுவுக்கு இன்னொரு நகல் வேண்டும்' என்று ஒரு பெரியவர் வந்து நின்றால், அவர் கையில் தவறான தேதியோடு ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்புவோம். மேல்முறையீட்டுக்குக் கெடு எண்ணுகிற விவகாரம் என்றால் அவர் கதி என்ன? இன்செர்ட் பகுதியில் தேதி, நேரம் என்ற பெட்டியைத் திறந்து, தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டுச் சேர்த்தால்தான் தேதி நிலையாக நிற்கும். இந்தச் செயலை அப்படியே பதிவு செய்து ஒரு பட்டனில் கட்டிவிடலாம். மேக்ரோ என்றால் நாம் செய்யும் செயலைப் பதிந்து வைத்துத் திரும்பச் செய்யும் வசதி. வியூ பகுதியில் மேக்ரோஸ், அதில் ரெக்கார்ட் மேக்ரோ. பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் கொடுங்கள். பட்டன் என்பதைத் தேர்வு செய்து, மேக்ரோவைக் குயிக் ஆக்சஸ் பட்டையில் சேர்த்து, மாடிஃபை என்ற இடத்தில் ஒரு படத்தையும் 'தேதி' என்று தமிழிலேயே பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருமுறை தேதியைச் சேர்த்துக் காட்டிவிட்டுப் பதிவை நிறுத்தினால் வேலை முடிந்தது. இந்தப் பட்டையில் முதலில் இருக்கும் பட்டனை ஆல்ட், 1 என்று அழுத்தியே இயக்கலாம். சுட்டியைத் தொடவே வேண்டாம்.

பதிவு ஓடும்போது சுட்டியை வைத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஷிப்டும் அம்புக்குறியும்தான். இந்த ஒரு வரியைச் சொல்லாததால் 'மேக்ரோ வேலை செய்யவில்லை' என்று பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பத்திகளை மேக்ரோவில் அடைக்காமல் ஆட்டோடெக்ஸ்டில் வைப்பதும் நல்லது. மேக்ரோவின் உள்ளே தமிழ் எழுத்து எழுத்தாக இருக்காது, எண்ணாகத்தான் இருக்கும். 'அ' என்பது அங்கே 2949. நாளைக்கு ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமென்றால் யாராலும் படிக்க முடியாது.

2010-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வேர்டில் நமக்கென்று தனி டேப்பே உருவாக்கிக்கொள்ளலாம். எங்கள் கணினியில் 'மனு' என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் நிலம், தேயிலை, சான்றிதழ் என்று மூன்று பிரிவுகள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தங்கை இந்தப் பெயர்களைப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டாள். ஆங்கில மெனுவைப் பார்த்துத் திகைத்து நிற்கிற எத்தனையோ பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். திரையில் அவர்களுடைய சொல் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு பயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். மேக்ரோ என்றாலே வைரஸ் என்று சிலர் மிரட்டுகிறார்கள். 1999-இல் உலகம் முழுக்கப் பரவிய மெலிஸா என்ற வைரஸ், வேர்டு மேக்ரோ வழியாக வந்ததுதான். அதனால் முகம் தெரியாதவர் அனுப்பிய கோப்பில் மேக்ரோவை அனுமதிக்கவே கூடாது. இணையத்திலிருந்து இறங்கும் கோப்புகளில் மைக்ரோசாப்டே 2022 முதல் தடை போட்டிருக்கிறது. நம் கணினியில் நாமே பதிவு செய்து வைத்திருக்கும் தேதி பட்டனுக்கு இந்தப் பயம் தேவையில்லை. கணினியை ஃபார்மட் செய்யும் முன் மட்டும், நார்மல் என்ற வார்ப்புருக் கோப்பையும், இம்போர்ட் எக்ஸ்போர்ட் வழியாகப் பட்டன் அமைப்பையும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

என் வருத்தம் இதுதான். தட்டச்சுப் பயிலகங்களில் இளநிலை, முதுநிலை தேறி, அலுவலகத் தானியங்கல் சான்றிதழும் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் வேகமாக அடிக்கிறார்கள். ஆனால் ஒரு பட்டனை இடம் மாற்றிக்கூடப் பார்த்ததில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறார்கள். தாளிக்கக் கடுகு வேண்டும் என்று தினமும் பரணில் ஏறி இறங்குகிற சமையல்தான் இது. மென்பொருளை நம் வேலைக்கு ஏற்றபடி வளைக்கலாம் என்ற துணிச்சலை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பயிலகம் நடத்துகிறவர்கள் ஒரு வாரம் இதற்கென்று ஒதுக்கினால் எத்தனை கடைகளில், எத்தனை அலுவலகங்களில் நேரம் மிச்சமாகும்!

ஆகவே தங்கள் கணினிப் பக்கத்தில் இதை ஒரு தொடராகவே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலக் கடிதத்தை மாதிரியாக வைக்க வேண்டாம். நம் மனு, நம் பத்திரம், நம் சங்கத் தீர்மானம் இவற்றை வைத்தே, திரையின் படங்களோடு போடுங்கள். வேர்டுக்கு ஒரு வாரம், ரைட்டருக்கு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் சரி. முதல் பாடமாக அந்தத் தேதி பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி மனுக்கள் தேவைப்பட்டால், பெயர், முகவரி எல்லாம் நீக்கி எங்கள் கடையிலிருந்தே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை நடத்தும் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.