இறக்கத்தில் ஒரு முடிவுக்கோடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் மிகுந்த எங்கள் புதுச்சேரியில், ஜூலை பிறந்தால் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பற்றிய வாக்குவாதமும் பிறந்துவிடும். "வேகமாகப் போனால் விழத்தான் செய்வார்கள்" என்று நண்பர்கள் சிலர் வீரர்களையே குறை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

2020-இல் போலந்துச் சுற்றுப் போட்டியின்போது, கட்டோவிட்சே நகரில் இறக்கமான சாலையில் முடிவுக்கோட்டை அமைத்திருந்தார்கள். அங்கே டைலன் குரூனவேகன் தம் பாதையிலிருந்து விலகி நெருக்கியதால், ஃபாபியோ யாகோப்சன் தடுப்புகளில் மோதிப் படுகாயமடைந்தார், தடுப்புகளும் சிதறின. குரூனவேகனுக்கு 9 மாதத் தடை விதித்தது நியாயமே. ஆனால், அந்த இறக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரல்லர்.

வீரர்களும் பிழை செய்யாதவர்கள் அல்லர். 1991-இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது அவர்களே எதிர்த்தார்கள்; 2003-இல் பாரிஸ்-நீஸ் போட்டியில் அந்திரேய் கிவிலெவ் விழுந்து இறந்த பிறகே விதி வந்தது.

எங்கள் கடற்கரைச் சாலையில் மாலையில் வைக்கப்படும் இரும்புத் தடுப்பின் கால், வெளியே நீட்டிக்கொண்டிருந்து என் முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்ததுண்டு. நான் அப்போது நடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். நம் பகுதியில் சைக்கிள் பந்தயம் நடத்துவோர் முதலில் அந்தக் கால்களைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.